பீரோவுக்குப் பின்னால் பதினேழாம் தொகுதி: ஒரு கள ஆய்வு

தனிம வரிசை அட்டவணையில் ஹாலஜன்கள் எங்கே உள்ளன என்று கேட்டால் ‘17ஆம் தொகுதி’ என்று சட்டென விடை வருகிறது. அட்டவணை முழுதும் கண்ணில் படும் என்ற துணிபின் மேல் நிற்கும் விடை இது. நான் படித்த பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் அத்துணிபு செல்லாது. அங்கே சுவரில் தொங்கிய அட்டவணையின் வலது ஓரத்தை ஒரு பச்சை இரும்பு பீரோ மறைத்திருந்தது. ஆக்சிஜன், கந்தகம் இருக்கும் 16ஆம் தொகுதியோடு பிரபஞ்சம் முடிந்தது. அதற்கப்பால் பிப்பெட்டும் பழைய ரெக்கார்டு நோட்டுகளும்தான்.

ஆகவே காணாததைக் கருதலளவையால்தான் அறிய வேண்டும். இதில் மூன்று மரபினர் உளர்.

முதலாமவர் இடப்பக்கத்திலிருந்து எண்ணுவோர். லித்தியத்தில் தொடங்கி விரல்விட்டு எண்ணி, ஏழாவது கட்டத்தில் ஃபுளூரினைப் பிடித்து, ‘ஹாலஜன் ஏழாம் தொகுதி’ என்று தீர்ப்பெழுதிவிடுவர். நடுவே பத்துக் கட்ட அகலத்துக்கு வெற்றிடம் கிடப்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. சிரிக்க வேண்டாம். அமெரிக்கர் 7ஏ என்றும் ஐரோப்பியர் 7பி என்றும் இதே தொகுதிக்கு நெடுங்காலம் எழுதிவந்தனர். அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1 முதல் 18 வரை நேராக எண்ணும் முறை வந்தது.

இரண்டாமவர் வலக்கோடியிலிருந்து ‘கடைசிக்கு முந்தியது’ என்பவர். குறுக்குவழிதான், ஆனால் அந்தக் கடைசி பிற்காலச் சேர்க்கை. மெண்டலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது மந்த வாயுக்கள் அதில் இல்லை. குளோரினுக்கு அடுத்து நேராகப் பொட்டாசியம்தான். 1894இல் ஆர்கான் அகப்பட்ட பிறகே பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்தது.

மூன்றாமவர் கணக்கர், இவ்வாய்வாளரும் அக்கட்சியே. ஃபுளூரினின் அணு எண் 9. அதனோடு 8 கூட்டினால் குளோரின், பின் இருமுறை 18 கூட்டினால் புரோமின், அயோடின், மேலும் இருமுறை 32 கூட்டினால் 85இல் அஸ்டடைன், 117இல் டென்னசின். பீரோவை நகர்த்தாமலே ஆறு பேரையும் பிடித்துவிடலாம்.

அணு நிறையை நம்பிப் போனால்தான் அயோடினிடம் கால் இடறும். டெலூரியத்தின் நிறை 127.6, அயோடினின் நிறை 126.9. எடைப்படி நிறுத்தினால் அயோடின் ஆக்சிஜன் வீட்டுக்குள் போய் நிற்கும். மெண்டலீவ் எடையைத் தள்ளிவிட்டுக் குணத்தைப் பார்த்து இடம் கொடுத்தார். அவர் செய்தது சரி என்பதை 1913இல் மோஸ்லி அணு எண்ணைக் கொண்டு காட்டினார். அலுமினியத்துக்குக் கீழே ஆளில்லாத கட்டத்துக்கு ‘ஏக அலுமினியம்’ என்று பேர் வைத்து மெண்டலீவ் காத்திருந்ததும், 1875இல் அந்தக் காலிக் கட்டத்தில் காலியம் வந்து உட்கார்ந்ததும் நாடறிந்தவை. அவருக்குக் காலிக் கட்டம், எங்களுக்குப் பீரோ.

இனி களப்பணி. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன்தினம், பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நாலு விரல் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபுளூரின் தெரிந்தது. குளோரின் பாதி தெரிந்தது. புரோமின் இருந்த இடத்தில் சுவர் ஈரம் காகிதத்தில் ஊறிப் பழுப்பாகப் படர்ந்திருந்தது. அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே அலோகத்துக்கு அது பொருத்தம்தான். அஸ்டடைனுக்குக் கீழே அச்சடிக்காத வெற்றுக் கட்டம். டென்னசின் உருவாக்கப்பட்ட செய்தி வந்தது 2010இல், பெயர் நிலைபெற்றது 2016இல். அட்டவணையோ அதற்கெல்லாம் மூத்தது. அந்தக் கட்டத்தில் ஒரு பல்லி இருந்தது. அதைத் தனிமமாக நான் கொள்ளவில்லை.

ஹாலஜனுக்குத் தமிழில் உப்பீனி என்று பெயர். பசு கன்றை ஈனுவதுபோல் உப்பை ஈனுவது. அடுப்படி உப்பு டப்பாவைத் திறந்தால் குளோரினும் அயோடினும் சேர்ந்தே இருக்கின்றன. அங்கே யாரும் பீரோ வைப்பதில்லை.

பரிந்துரை ஒன்றே: ஆய்வக பீரோவை ஓரடி வலப்பக்கம் தள்ளி வைக்கவும். தள்ளுமுன் உள்ளிருக்கும் புட்டிகளை எடுத்துவிடவும். சாவி லேப் அட்டெண்டரிடம் இருக்கிறது.