சப்பான் வயலுக்குப் போற பேராண்டிக்கு

வயக்காட்டைப் பாக்க விமானத்துலயா போற? அதுவும் சப்பானுக்கு? நல்லாத்தாம்லே இருக்கு. நம்ம வயல்ல நடவுக்குக் கூப்பிட்டா இடுப்பு பிடிச்சுக்கிடுத பய நீ.

போற எடமாவது தெரியுமா? நோட்டோ தீபகற்பம், வாஜிமா ஊரு, ஷிரோயோனே சென்மைடா. மலைச்சரிவு படிப்படியா எறங்கும். கடைசிப் படிக்குக் கீழ கடலு. பத்து ஏக்கருக்குள்ள 1004 வயலாம். வரப்பு போகப் பங்கு போட்டா வயலுக்கு ஒரு சென்ட் தேறாது. சிலது ஒம் பாட்டி முத்தத்துல வத்தல் காயப்போடுத பாயை விடச் சின்னது. அங்கன ஒரு கதை உண்டு. சம்சாரி ஒருத்தன் வேலை முடிஞ்சு வயலை எண்ணுனானாம். ஒண்ணு கொறையுது. திரும்ப எண்ணுதான், கொறையுது. போவுது சவம்னு கழட்டிப்போட்ட வைக்கோல் மழையங்கியை எடுத்தா, அதுக்கடியில கெடக்காம் வயலு!

இதைப் பாத்துட்டு 'ஆகா, என்ன அழகு'ங்கான். அழகுக்கா வெட்டுனான்? சமநெலம் இல்லாதவன் வயித்துப்பாட்டுக்குச் சரிவை வெட்டுனான். டிராக்டர் எறங்காது. நடவு, களை, அறுப்பு எல்லாத்துக்கும் முதுகு குனியணும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2011-ல நோட்டோ வட்டாரத்துக்கே உலக வேளாண் மரபுன்னு பட்டம் குடுத்துது. பட்டத்தை வச்சுக் களை பறிக்க முடியுமாலே?

இளவட்டம் ஊரை விட்டுப் போயிட்டு, ஒன்ன மாதிரி. வேலைக்கு ஆளில்ல. 2007-ல ஒரு யோசனை பண்ணுனாங்க பாரு! வருசச் சந்தா கட்டுனா ஒரு வயலு ஒம் பேருல. பேரெழுதிப் பலகையும் நட்டு வைப்பாங்க. நாத்து நடவும் அறுக்கவும் நீயே வரலாம். நம்ம ஊர்ல கூலியும் குடுத்து, காப்பித்தண்ணியும் குடுத்தாலும் ஆள் வரமாட்டான். அங்கன கூலியாளு காசு கட்டிட்டு வாரான். முழங்கால் சேறு காயுமுன்ன 'நானும் விவசாயி'ன்னு படம் வேற போட்டுருதான். யோசனை சொன்னவன் கையில நம்ம பஞ்சாயத்தைக் குடுக்கலாம், கேட்டியா.

அறுப்பு முடிஞ்சாலும் விடமாட்டாங்க. வரப்பு பூரா சூரிய வெளிச்சத்துல சார்ஜ் ஏறுத சின்ன விளக்கு, ஆயிரக்கணக்குல. ராத்திரி நெறம் மாறி மாறி மின்னும். நெல்லு இல்லாத வயலுக்கும் கூட்டம் சேக்கான்! கேலி பண்ணாத, ஊருக்கு நாலு காசு வருதுல்லா.

2024 சனவரி 1-ம் தேதி பூமி குலுங்குச்சு. 7.6 அளவு. வயல்லாம் வெடிச்சுப் போச்சு. வெடிச்ச வயல்ல தண்ணி நிக்குமா? அந்த மே மாசம் சுமார் 120 வயல்லதான் நட முடிஞ்சுது. செப்டம்பர்ல பேய்மழை கொட்டி, திரும்பவும் மண்ணு சரிஞ்சுது. ஊர்க்காரன் வீடே இடிஞ்சு கெடக்கையில வரப்பை அணைச்சிருக்காம்லே. நீ என்னடான்னா அந்தி வெயிலு எத்தன மணிக்கு விழும்னு போன்ல தேடுத.

போ, வேண்டாங்கல. ரோட்டு மேல நின்னு படம் பிடிச்சுட்டு அப்படியே திரும்பாத. அந்த வயல் அரிசி வெலைக்குக் கெடைச்சா பேரம் பேசாம வாங்கு. வரப்புல ஏறி நிக்காத, அது ஒடைஞ்சா தண்ணி பூரா கீழ் வயலுக்குப் போயிரும். நடவு மே மாசம், அறுப்பு செப்டம்பர். அதுக்குத் தோதா டிக்கெட்டை மாத்திப் போடுலே.