பெட்டி பெரிசு, ஆட்டோ சின்னது

கேமராவுக்குப் பெட்டி வாங்குகிறவர்கள் கேமராவை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது ஷேர் ஆட்டோவை. இந்த ஞானம் எனக்குப் போதிமரத்தடியில் வரவில்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில், ஒரு மகா பெட்டியின் இடது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது. வலது கைப்பிடி என் மச்சானிடம். பெட்டியும் அவனுடையதுதான்.

மச்சான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஒரு கேமரா, மூன்று லென்ஸ், கிம்பல், மைக், லைட், சார்ஜர்கள். இவ்வளவுக்கும் நடுத்தரப் பெட்டி ஒன்று தாராளம். ஆனால் அவன் இருக்கிற சாமானுக்குப் பெட்டி வாங்குகிற ஆள் இல்லை. வாங்கப்போகிற சாமானுக்கு வாங்குகிறவன். “நாளைக்கே டிரோன் வாங்கினா எங்க மாமா வைக்கறது?” என்றான். டிரோன் இன்னும் வரவில்லை. அதற்கான பள்ளம் மட்டும் ஃபோமில் தயாராக இருக்கிறது.

பள்ளம் என்றால் நிரம்பத்தானே செய்யும்? முதலில் அவன் அக்கா, அதாவது என் மனைவி, ஒரு குடையை வைத்தாள். அடுத்த முகூர்த்தத்துக்கு மாற்று வேட்டி சேர்ந்தது. அதற்கடுத்த முகூர்த்தத்துக்கு, மண்டபத்துக் காபி வாயில் வைக்க விளங்காது என்று ஒரு பிளாஸ்க். லட்ச ரூபாய் லென்ஸும் சுக்குக் காபியும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் பயணம் செய்தன. கல்யாண வீட்டார் அசந்துபோய், “பெரிய கம்பெனி போல” என்று மரியாதையாக வழிவிட்டார்கள்.

பெட்டி சாஸ்திரம் அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. மூடிய பெட்டியை ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கிறதா, பெட்டி பெரிது. மூடிமேல் ஆள் உட்கார்ந்தால்தான் பூட்டு விழுகிறதா, பெட்டி சின்னது. சாமானைச் சுற்றி இரண்டு விரற்கடை ஃபோம் நிற்க வேண்டும். ஒன்றை ஒன்று தொடக் கூடாது. கடைக்காரர் சொல்வது வெளியளவா உள்ளளவா என்று கேட்டுக்கொள்வது உத்தமம். மூடியிலும் ஃபோம் உண்டு, அது உயரத்தில் பங்கு கேட்கும். கட்டம் கட்டமாகப் பிய்த்தெடுக்கிற ஃபோம் என்றால் இன்னும் உஷார். பிய்த்ததை மறுபடி நட முடியாது. மச்சான் கேமராவை மாற்றிய அன்று பழைய கேமராவின் வடிவத்தில் ஒரு குழி மிச்சமானது. இப்போது அதில் டிபன் பாக்ஸ் இருக்கிறது.

இந்த வகைக் கெட்டிப் பெட்டிகளில் பேர்போனது பெலிகன், 1976-ல் கலிபோர்னியாவில் பிறந்த கம்பெனி. மச்சானுடையது அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும் ஐபி67 என்று ஒட்டியிருக்கிறது: தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். “வேங்கிக்கால் ஏரியில விழுந்தாலும் அரை மணிக்குள்ள எடுத்துடலாம் மாமா” என்றான். யார் இறங்கி எடுப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

ஒருமுறை டெல்லியில் ஒரு கல்யாணம் கிடைத்தது. விமானத்தில் கையோடு கொண்டுபோக 55 × 35 × 25 சென்டிமீட்டர், 7 கிலோ என்று கணக்கு. பெலிகனிலேயே கைப்பெட்டி அளவில் வருகிற 1510, ஃபோமோடு சேர்த்து வெறும் பெட்டியே 6 கிலோவைத் தாண்டும். மிச்சமுள்ள சொச்சத்துக்குள் கேமரா அடங்குவதாவது! அவன் பெட்டியோ கைப்பெட்டிக் கணக்கிலேயே வராது. லக்கேஜில்தான் போட வேண்டும். உபரி லித்தியம் பேட்டரிகளை லக்கேஜில் விட மாட்டார்கள், கையோடுதான் வர வேண்டும். அவ்வளவு பெரிய பெட்டி கீழே ஒய்யாரமாகப் படுத்து வர, பேட்டரிகள் என் மடியில் மஞ்சப் பையில் வந்தன.

நாங்கள் போகிற உள்ளூர்க் கல்யாண மண்டபங்களுக்கு நாதஸ்வர வித்வானும் வருகிறார். டிவிஎஸ் ஃபிப்டியில். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்துக் குழல். 2022-ல் புவிசார் குறியீடே வாங்கிய சரக்கு. அது நீளமாகத் தைத்த துணி உறைக்குள் தோளில் தொங்குகிறது. சீவாளிகள் மட்டும் உள்ளங்கையளவு டப்பாவில், சட்டைப் பைக்குள். எது உடையுமோ அதற்குத்தான் பெட்டி, மற்றதற்கு உறை போதும். நாங்கள் இருவரும் பெட்டியை மேடையேற்றி மூச்சு வாங்குவதற்குள் அவர் மல்லாரியில் பாதி தாண்டியிருப்பார்.

பெட்டியே இல்லாமல் போகிற எங்கள் திருவண்ணாமலை தீபக் கொப்பரையைப் பாருங்கள். ஐந்தரை அடி உயரம். அதை 2,668 அடி மலைக்கு வருஷா வருஷம் தோளில் சுமந்தே ஏற்றுகிறார்கள். ஃபோம் கிடையாது, கிளிப் கிடையாது. மச்சானிடம் சொன்னேன். “அது சாமி காரியம் மாமா, அதுக்கு இஎம்ஐ இல்ல” என்றான். நியாயம்தான்.

கடைசியில் நானே இஞ்ச் டேப்போடு ஸ்டாப்பில் போய் நின்றேன். ஆட்டோவின் வாசல், சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள சந்து, பின்பக்கத்து இடம், எல்லாவற்றையும் அளந்தேன். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, “வண்டி விலைக்கு இல்ல சார்” என்றார்.

அளவுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, “ஒரு மலைக்குப் பதிலா ரெண்டு குன்றா வாங்குப்பா. ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு தப்பிக்கும்” என்றேன். சொன்னால் கேட்காத மச்சான் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டான். இரண்டு சின்னப் பெட்டிகள் வந்தன. இரண்டும் ஆட்டோவுக்குள் கச்சிதமாகப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கைப்பிடி. இதுவரை அரைப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த நான் இப்போது முழுப் பெட்டி தூக்குகிறேன்.