95ஆம் கட்டையும் 92 பெற்றோலும்

வா மருமகன், வா. முதல்ல அந்த எஞ்சினை நிப்பாட்டு. நீ ஒழுங்கை முடக்கில வரேக்கயே உன்ர மோட்டச்சைக்கிளின்ர நடுக்கம் வந்து அடுப்படிச் சட்டி பானையைக் குலுக்கிப்போட்டுது. பூமி அதிருது எண்டு உன்ர மாமி வெளியில ஓடி வந்தவள். உன்னைக் கண்டுபோட்டு, “ஓ, இவனோ” எண்டு திரும்பிப் போயிட்டாள்.

போன ஞாயிறு கிண்ணியாவில இருந்து தயிர் கொண்டந்தாய். நல்ல எருமைத் தயிர், புது மண்சட்டி, வாயைக் கடதாசி போட்டுக் கட்டி, பின் சீற்றில வைச்சுக் கயிறும் போட்டிருந்தாய். திறந்து பாத்தா உள்ளுக்க மோர். நான் ஒண்டும் சொல்லேல்லை. மாமி அதுக்குள்ள வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, உப்புப் போட்டுக் கலக்கித் தந்தவள். குடிச்சுக்கொண்டு யோசிச்சன், எங்கட பரம்பரையில மத்துப் பிடிக்காமல் மோர் கடைஞ்ச முதல் ஆள் நீதான் எண்டு.

இண்டைக்கு என்னெண்டால், “மாமா, பெற்றோல் சரியில்லை. இனி 95தான் அடிக்கப்போறன், நடுக்கம் நிக்கும்” எண்டு வந்து நிக்கிறாய். எனக்கு என்னடா தெரியும், நான் பழைய ஆள். 95 எண்டால் எனக்குத் தெரிஞ்சது முள்ளிப்பொத்தானை மைல்கட்டைதான். அதைத் தாண்டித்தானே ஒவ்வொரு நாளும் திருகோணமலைக்குப் போறாய், வாறாய். அதில நிண்டு கும்பிட்டால் சிலவேளை நடுக்கம் நிக்கும். அதுக்குக் காசும் தேவையில்லை.

சரி, இரு. இந்தத் தேத்தண்ணியைக் குடி. ஒக்ரேன் எண்டால் என்ன எண்டு நினைக்கிறாய்? பலம் எண்டுதானே? 95 குடிச்சால் 92ஐ விட மூண்டு மாட்டுப் பலம் கூட எண்டு. இல்லை ராசா, அது பொறுமைக்குப் போட்ட இலக்கம். கோயில் அன்னதானப் பந்தியை நினை. இலையில சோறு விழும், பருப்பு விழும், கறி விழும். எல்லாருக்கும் வைச்சு முடியுமட்டும் கையை மடியில வைச்சுக்கொண்டிருக்கிறவன் ஒருத்தன். சோத்தைக் கண்ட உடன கை போறவன் இன்னொருத்தன், உன்ர கொப்பரைப் போல. எஞ்சினுக்குள்ளயும் இதுதான் நடக்குது. பெற்றோலும் காத்தும் கலந்து உள்ள வரும், பிஸ்டன் மேல வந்து நெருக்கும், நெருக்க நெருக்கச் சூடேறும். பிளக் பொறி விட்டு, அந்த நெருப்புப் பரவி வருமட்டும் மிச்சப் பெற்றோல் பொறுத்திருக்க வேணும். பொறுக்காமல் ஒரு மூலையில தன்பாட்டுக்கு வெடிச்சால் எஞ்சின் தட்டும். தகரப் பேணிக்குள்ள பயறு போட்டுக் குலுக்கினது மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தப் பொறுமையை அளக்கேக்க ஐசோஒக்ரேன் எண்டதுக்கு 100, ஹெப்ரேன் எண்டதுக்குச் சைபர். 92 பங்கு அதையும் 8 பங்கு இதையும் கலந்தால் எவ்வளவு பொறுக்குமோ, நீ பெற்றோல் செட்டில அடிக்கிற 92உம் அவ்வளவு பொறுக்கும்.

உன்ர நூறு சி.சி. எஞ்சின் எவ்வளவு நெருக்குது? ஒன்பது, பத்து மடங்கு, அவ்வளவுதான். அதைச் செய்து கப்பலேத்தின காலத்தில இந்தியாவில சாதாரணப் பெற்றோல் 91ஆ இருந்தது. அந்த 91ஐக் குடிச்சு ஓடத்தான் அது பிறந்தது. இஞ்ச வந்து 92 குடிக்கிறதே அதுக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு. அதுக்கு மேல 95 அடிச்சால் வாற மிச்சப் பொறுமையை எஞ்சின் என்ன செய்யும்? அதை ஒரு போத்தலில விட்டு மாமியிட்டக் குடு. என்னோட காலம் தள்ளிறதுக்கு அவளுக்குத்தான் உதவும்.

உனக்குக் காசு கூடிப்போச்சு, அதுதான் கதை. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம், 2022 ஜூன் 26, மறந்துபோச்சோ? 92 லீற்றர் 470 ரூபாய், 95 லீற்றர் 550 ரூபாய். 80 ரூபாய் வித்தியாசத்தில அண்டைக்கு நீ 95 கேக்கேல்லை. போத்தலில என்ன நிறத்தில வந்தாலும் தா எண்டு நிண்டாய். அடுத்த மாதம் கியூ.ஆர். பங்கீடு வந்தது. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். இஞ்ச கந்தளாயில இருந்து திருகோணமலை போய்வர ஏறக்குறைய 80 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 ஓடுது எண்டு வைச்சாலும் புதன்கிழமை மத்தியானம் தாங்கி வறண்டுபோகும். மிச்ச நாள் பஸ்ஸில தொங்கினாய். இதில பெரிய பகிடி என்னெண்டால், நீ வேலைக்குப் போற வழியில சீனன்குடாவில வெள்ளைக்காரன் கட்டிவிட்ட எண்ணெய்க் குதங்கள் 99 நிக்குது. அந்த வருசம் ஜனவரியிலதான் அதைப் பங்கு பிரிச்சுக் கையெழுத்து வைச்சவை: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கொம்பனிக்கு, 61 ரெண்டு பேருக்கும் சேர்த்து. ஆறு மாதத்தில அந்த 99 குதத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நாலு லீற்றருக்குக் குடை பிடிச்சுக்கொண்டு றோட்டில படுத்தான். 99 குதம் கிடக்கெண்டு நாளைக்கு 99 ஒக்ரேன் கேட்டுக்கொண்டு வந்திடாதை.

உன்ர அத்தானைக் கேட்டுப் பார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில அவன் அங்க இருந்தவன். மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினவங்கள். குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதுக்காகச் சின்னப் போத்தலில பெற்றோலைப் பொன்னு மாதிரி வைச்சிருந்து, கொஞ்சம் காபரேற்றருக்குள்ள விட்டு உதைச்சு, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுறது. வெள்ளைக்காரன்ர பழைய பெர்குசன் ட்ரக்டரிலயும் இந்த வித்தை இருந்தது. பெற்றோலில எழுப்பி, மலிவு எண்ணெயில உழுறது. மண்ணெண்ணெய்க்குப் பொறுமை கொஞ்சமும் இல்லை, கொப்பரை விட மோசம். எஞ்சின் தட்டும், புகைக்கும், பிளக்கில கரி பிடிக்கும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவங்கள். நீ நல்ல 92ஐ அடிச்சுப்போட்டுப் பெற்றோல் கூடாதெண்டு மூஞ்சையைத் தூக்கிறாய்.

ஒண்டை மட்டும் ஒத்துக்கொள்ளுறன். பெற்றோலாலயும் குலுங்கிறது உண்டு. 2022இல கானில ஒளிச்சு வைச்ச பெற்றோலை மாசக்கணக்காக் கழிச்சு ஊத்தினவைக்கு அது நடந்தது. லேசான பகுதி பறந்துபோகும், மிச்சம் பிசின் மாதிரி படிஞ்சு காபரேற்றர் ஜெற்றை அடைக்கும். நிண்டபடி ஓடேக்க எஞ்சின் விக்கி விக்கிச் சாகும். தண்ணி கலந்தாலும், ஆரும் மண்ணெண்ணெய் கலந்து வித்தாலும் அப்பிடித்தான். அதுக்கு மருந்து, தாங்கியைக் கழுவி, காபரேற்றரைக் கழட்டித் துடைச்சு, சனம் கூட வாற செட்டில புதுப் பெற்றோல் அடிக்கிறது. அழுக்குக் காபரேற்றருக்குள்ள 95ஐ ஊத்திறது, குளிக்காமல் சென்ற் அடிச்சுக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போறதுதான்.

இனி நடுக்கத்துக்கு வாறன். இதில நான் வாய் திறந்தால் நீ மூடவேணும், ஏனெண்டால் நான் கந்தளாய்ச் சீனி ஆலையில பிற்றரா இருந்தவன். 1960இல தொடங்கின ஆலை. இப்ப அதுக்குள்ள பத்தை. அங்க சீனியையும் பாணியையும் பிரிக்கப் பெரிய சுழல் கூடைகள் இருந்தது. பாகு ஒரு பக்கம் கூட விழுந்தால் கூடை பேய் பிடிச்ச மாதிரி ஆடும். புதுப் பெடியன்கள் உடன மோட்டரைக் குறை சொல்லுவாங்கள். பழைய தலைமைப் பிற்றர் கதைக்கமாட்டார். கையை வைச்சுப் பாப்பார், ஸ்குறூட்றைவரின்ர பிடியைக் காதில வைச்சு முனையை மெசினில ஊண்டிக் கேப்பார். ஆட்டம் எதோட சேர்ந்து ஏறுது, எதோட சேர்ந்து இறங்குது எண்டதுதான் அவர்ர ஒரே கேள்வி. உன்ர சைக்கிளுக்கும் அதே கேள்விதான்.

ஸ்ராண்டில ஏத்தி நியூற்றலில மெல்ல மெல்ல முறுக்கு. சில்லு சுத்தாமலே கைபிடி விறைக்குது எண்டால் வருத்தம் எஞ்சினில, அல்லது எஞ்சினைப் பிடிச்சிருக்கிற நட்டில. அதில ஒண்டும் இல்லையெண்டால் றோட்டுக்குப் போ. விடியப்புறம் போகாதை, யானை நிக்கும். வெளிச்சம் வந்தாப் பிறகு, வெறிச்ச நேர் றோட்டில 50இல போகேக்க கிளச்சைப் பிடிச்சு உருள விடு. எஞ்சின் அடங்கின பிறகும் குலுக்கம் தொடருதோ? அப்ப அது சில்லு. றிம் நெளிஞ்சிருக்கும், ரயர் ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், காத்து இருக்காது, பெயறிங் போயிருக்கும். கிளச்சைப் பிடிச்ச உடன நிண்டதோ? செயினையும் பல்லுச்சில்லையும் பின் ஹப்புக்குள்ள இருக்கிற ரப்பரையும் பார். அந்த ரப்பர் செத்தால் கியர் மாத்திற ஒவ்வொரு முறையும் எருமை முதுகில இடிச்ச மாதிரி இருக்கும். இந்த ரெண்டு சோதனைக்கும் கராஜ் வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். நீ போனில வீடியோ பாக்கிற நேரத்தில கால்வாசி.

கொஞ்ச நடுக்கம் அதின்ர பிறவிக்குணம், அதையும் தெரிஞ்சுகொள். ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன். நிமிசத்துக்கு 6000 சுத்துச் சுத்தேக்க அந்தப் பிஸ்டன் செக்கனுக்கு 100 தரம் மேல போய்க் கீழ வருது. அதுக்கு எதிர்ப் பாரம் வைச்சாலும் முழுசா ஒத்து வராது. மேல கீழ ஆட்டத்தைக் குறைச்சால் முன்ன பின்ன ஆடும். பாதியைச் சமாளிச்சு மிச்சத்தை ரப்பரில விட்டிருக்கிறாங்கள். நூறு சி.சி.யில ஏறியிருந்துகொண்டு பஸ்ஸின்ர முன் சீற் சுகம் கேக்காதை.

உன்ர குணமும் இருக்கு. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு 25 வேகத்தில நாலாம் கியரில ஓடுறாய். பின்னால அரை மூடை நெல்லும். எஞ்சின் முக்கி முனகி உதறும், தட்டும். கீழ் கியருக்கு இறக்கினால் நிக்கும். அதுக்கு 95 அடிக்கிறவன், மாடு இழுக்கேல்லையெண்டு வண்டிலுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். கீழ் கியரிலயும் தட்டுதெண்டால் பிளக்கைக் கழட்டிக் கரியைப் பார், எயார் பில்டரைத் தட்டு, எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க வால்வு இடைவெளியைப் பாக்கச்சொல்லு. இவ்வளவும் செய்தும் 92இல பயறு குலுங்கிற சத்தம் வந்தால் மாத்திரம் ஒரு தாங்கி 95 அடிச்சுப் பார். அப்ப உனக்கு நான் தடையில்லை.

சின்ன அதிர்வுதானே எண்டு சிரிக்காதை. 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் எங்கட கந்தளாய்க் குளக்கட்டு உடைஞ்சது. 100 பேருக்கு மேல செத்தவை. கட்டுக்கு மேலால பாரமான வாகனங்கள் ஓடினதும் ஒரு காரணமெண்டு சொன்னவை. அண்டு தொடக்கம் எதையும் அதிர விட்டுப் பாத்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கிறதில்லை.

பிடிக்கிறதில்லைதான். ஆனால் போன ஞாயிறு ஒரு பிழை விட்டிட்டன். நீ மாமியின்ர சோத்தை மூண்டு தரம் வாங்கித் திண்டுபோட்டுத் திண்ணையில குறட்டை விடேக்க நான் உன்ர சைக்கிளுக்குக் கீழ குந்தியிருந்தனான். புதுசா லெக் கார்ட் பூட்டினாயே, அதுக்காக எஞ்சினின்ர முன் நட்டைக் கழட்டினவன் திருப்பி இறுக்கேல்லை. என்ர விரலால சுத்தினன், சுத்துது. எஞ்சினைச் சட்டத்தோட பிடிக்கிற நட்டு, மருமகன்! செயினை வேற வீணைக் கம்பி மாதிரி முறுக்கி விட்டிருக்கிறாங்கள். ஒரு இஞ்சி தொய்வு வேணும், ஆள் ஏறினால் இன்னும் இழுபடும். கைபிடி நுனியில இருந்த இரும்புக் கட்டி ரெண்டையும் வடிவில்லையெண்டு நீயே கழட்டி எறிஞ்சிருக்கிறாய். அது வடிவுக்கு வைச்சதில்லை, நடுக்கத்தை விழுங்க வைச்சது.

அண்டைக்கே ஏன் இறுக்கேல்லை எண்டு கேக்கிறியோ? மோர் நல்லாயிருந்தது.

இந்தா ஸ்பனர், குந்து. நைலோன் வளையம் தேஞ்ச நட்டை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடு. இறுக்கேக்க பலம் காட்டாதை, நூல் போகும். செயினைத் தளர்த்தி, ரெண்டு பக்கக் கோடும் ஒத்து வருதோ எண்டு பார். பிறகு 92 அடிச்சுக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய் ஒரு சட்டி தயிர் வாங்கிக்கொண்டு வா. மேல ஆடை உடையாமல் வந்தால் நட்டு சரி. மோராய் வந்தாலும் பரவாயில்லை, வெங்காயம் இருக்கு.