எலிமடத்து விருந்தியல்: 47 வயதில் எழுதிய உரை

இவ்வாய்வின் களம் 22 நாவல்கள். லிவர்பூல்காரரான பிரையன் ஜேக்ஸ் எழுதிய ‘ரெட்வால்’ வரிசை. முதல் நூல் 1986-ல், கடைசி நூல் அவர் காலமான 2011-ல். எலிகள் நடத்தும் ஒரு மடம், அதைப் பிடிக்க வரும் ஒரு படை, ஒரு பழைய வாள். சிறுவர் நூல் என்பது முகப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே பழுப்புத்தாள் அட்டை போட்டுப் படித்தேன்.

கருதுகோள்: சிறுவர் விருந்தைத் தாண்டிப் போருக்கு ஓடுவர், பெரியவர் போரைத் தாண்டி விருந்துக்கு ஓடுவர். ஆய்வில் பங்கேற்றோர் இருவர். நான் ஒருவன், இன்னொருவர் என் மகள், வயது 11. மனைவியையும் அழைத்தேன். பாத்திரம் கிடக்கிறது என்று சொல்லி விலகிக்கொண்டார்.

தொடக்கத்திலேயே ஒரு பாடச்சிக்கல். இந்தக் கதைக் காட்டில் ‘மவுஸ்’ நல்ல குலம், ‘ரேட்’ கெட்ட குலம். மவுஸுக்கு இருக்கிற மவுசு ரேட்டுக்குக் கிடையாது. தமிழில் இரண்டும் எலி. சுண்டெலி என்று பிரிக்கலாமே எனின், பரணில் சாக்கைக் கடித்தது எது என்று கேட்டால் ‘எலி’ என்றே விடை வருமாகலின் அது பொருந்தாது என்க. பிள்ளையார் ஏறியிருப்பது எலியா, பெருச்சாளியா, மூஞ்சூறா என்ற வழக்கே இன்னும் தீராத ஊர் நம்முடையது. தொல்காப்பிய மரபியலோ மூங்கா, வெருகு, எலி, அணில் நான்கின் இளசுக்கும் ‘குட்டி’ என்ற ஒரே பெயரைக் கொடுத்து ஒரே நூற்பாவில் குடிவைத்துவிட்டது. ஜேக்ஸ் 1988-ல் ‘மாஸ்ஃப்ளவர்’ எழுதி, வெருகை, அதாவது காட்டுப்பூனையை, அரசியாக்கி எலியோடு மோதவிட்டார். பிறந்த குலத்தை வைத்தே ஒருவனைக் கெட்டவன் என்பது சிறுவயதில் உறுத்தாது. எனக்கு உறுத்தியது. மகளிடம் சொன்னேன். “ரேட்னா அப்படித்தான்ப்பா” என்றாள்.

மூஞ்சூறுகளுக்கு மட்டும் ஒரு சங்கம் இருக்கிறது. கூட்டத்தில் கையில் கல்லை வைத்திருப்பவர்தான் பேசலாம். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் இருந்ததாக ஆதாரம் இல்லை. ஜேக்ஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பது இதற்கு முதற்சான்று. எங்கள் குடியிருப்போர் கூட்டத்துக்கு நான் போய்வந்தது துணைச்சான்று.

இனி விருந்து. மடத்தை எதிரி முற்றுகையிட்டிருக்கும்போதும் அடுப்பு அணைவதில்லை. இத்தனை பண்டம் எதற்கு எனின், ஜேக்ஸ் ஒரு காலத்தில் பால்வண்டி ஓட்டினார். வேவர்ட்ரீ பகுதியில் பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளிக்குப் பால் கொண்டுபோனவர், உட்கார்ந்து கதையும் வாசித்துக் காட்டினார். அங்கே இருந்த புத்தகங்கள் பிடிக்கவில்லை, தாமே எழுதினார். கேட்பவருக்குக் கண் துணை இல்லை. வாளின் பளபளப்பைச் சொல்லி என்ன பயன்? ‘பை’ என்னும் பண்டத்தை வெட்டும்போது எழும் ஆவியைச் சொன்னால் மூக்கு பார்த்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. அவர் பிறந்தது 1939. பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940-ல் தொடங்கி 1954-ல்தான் முழுதாக நீங்கியது. கூப்பனில் வளர்ந்த பிள்ளை பிற்பாடு கதைக்குள் பந்தி போட்டால் அளவாகவா போடும்?

பால்காரர் எழுதிய இந்த நூலில் பாலாடைக்கட்டி மலைமலையாக வருகிறது. மடத்தில் தொழுவத்தை நான் காணவில்லை. யாரைக் கறந்தார்கள் என்ற கேள்விக்குள் இவ்வாய்வு நுழையாது. தொழில் ரகசியம் காத்தார் என்பாரும் உளர். அவர் நான்தான்.

அகழெலிகளுக்குப் பிடித்தது டர்னிப், உருளைக்கிழங்கு, பீட்ரூட் போட்ட ஒரு பை. வீட்டில் அந்த மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தால் நான் தட்டை நகர்த்திவிடுவேன். இரவு 11:40-க்கு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பாதி கத்தரிக்காய்க் கூட்டும் மிக்சர் டப்பாவும் இருந்தன. மூடி கழன்ற சத்தம் படுக்கையறைவரை போய்விட்டது.

“என்ன உருட்டுறீங்க?”

“ஆய்வு.”

“எலியோன்னு பார்த்தேன்.”

காலையில் மகள் புத்தகத்தைப் புரட்டினாள். விருந்துப் பக்கங்களில் மிக்சர் எண்ணெய் வட்டம் வட்டமாக. போர்ப் பக்கங்கள் கடையில் வாங்கினபடியே மொடமொடவென்று இருந்தன.

“அப்பா, மடத்தைப் பிடிக்க வந்த க்ளூனி எப்படிச் செத்தான்னாவது தெரியுமா உங்களுக்கு?”

“சொல்லேன்.”

“மடத்து மணி மேல விழுந்து நசுங்கிட்டான்.”

“மணி என்னாச்சு?”

“உடைஞ்சுபோச்சு.”

“அடடா! எவ்வளவு வெண்கலம்!”

“அதை உருக்கி ரெண்டு சின்ன மணியாப் பண்ணிட்டாங்க” என்றாள், என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டு.

“அதுக்கப்புறம் விருந்து வச்சாங்களா?”

“வச்சாங்க.”

“எந்தப் பக்கம்?”