பின்னால் போய் மலையேறும் கார்

கே: அமெரிக்காவில் நூறு வயது ஃபோர்டு மாடல் டி கார்களை இப்போது வாங்க ஆளில்லையாமே? அதை ஓட்டுவதில் அப்படி என்ன சுகம்?

ப: ஆள் இருக்கிறார்கள், குறைந்துவிட்டார்கள். தாத்தாவின் மடியில் உட்கார்ந்து அதில் ஊர் சுற்றிய தலைமுறைதான் ஆசையாக வாங்கியது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. பேரனுக்கோ, சின்ன வயதில் சுவரில் படம் ஒட்டி வைத்த எண்பதுகளின் கார்தான் கனவு! மேலும், 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி தயாரானது. அபூர்வம் என்று சொல்லி விலையேற்ற வழியில்லை.

சுகமா? இடது பெடலை அழுத்தி மிதித்தால் முதல் கியர், முழுசாக விட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல், நாம் ஆக்ஸிலரேட்டர் என்று நினைத்து மிதிப்போமே, அதுதான் பிரேக்! ஆக்ஸிலரேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது கைக்கு எட்டும் சின்ன லீவர். பெரும்பாலான வண்டிகளில் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து என்ஜினுக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏற்றிவிடுவார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே உடம்பு முழுக்க வேலை, மனசு முழுக்கக் குதூகலம். விலை இறங்கியிருக்கும்போதே இளைஞர்கள் வாங்கி ஓட்டட்டும். மியூசியத்தில் தூசி படிய நிற்பதற்கா ஹென்றி ஃபோர்டு அதைச் செய்தார்?