எல்லாம் பர்மா தேக்குதான் சார்

சமையல் மேடைக்கு மரப்பலகை போடுவதென்று வீட்டில் முடிவானது. கருப்பு கிரானைட் அலுத்துவிட்டதாம். மரக்கடை தேடும் வேலை என் தலையில்.

முதல் கடையில் எதைத் தொட்டாலும் பர்மா தேக்கு. உருட்டுமர ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டதே என்றேன். "இது அதுக்கு முன்னாடி வந்த ஸ்டாக் சார்." அந்த ஸ்டாக்தான் அட்சய பாத்திரம் போல இன்னும் ஊர் முழுக்க வற்றாமல் விற்கிறது. கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் கப்பலேறி வரும் தோட்டத் தேக்குகூட, துறைமுகத்தைத் தாண்டியதும் பர்மியக் குடியுரிமை பெற்றுவிடுகிறது.

இரண்டாமவர் பலகையைத் தட்டிக் காட்டி, "நல்லா காஞ்ச மரம்" என்று சத்தியம் செய்தார். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்கிறதா, மீட்டர் வைத்துப் பார்க்கலாமா என்றதும், காலமான தாத்தாவைச் சாட்சிக்கு அழைத்தார்.

மூன்றாவது கடைக்காரர் விலையே சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டார். "புளி கரைக்கிறது எந்தப் பக்கம்? மஞ்சத்தூள் கொட்டினா உடனே துடைப்பீங்களா? ஈர இரும்புச் சட்டியை வெச்சா தேக்குல கருப்பு வட்டம் விழும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. வருஷத்துக்கு ரெண்டு மூணு தரம் எண்ணெய் தேய்க்கணும், யார் தேய்ப்பா?"

எனக்கே தீபாவளிக்குத் தீபாவளிதான் எண்ணெய்.

அவரிடமே அட்வான்ஸ் கொடுத்தேன். அவர் சொன்னபடி, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் மட்டும் பழைய கிரானைட் அப்படியே இருக்கிறது.