செட்டாயிடும் அண்ணன்

செட்டாயிடும் அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஒர்க்‌ஷாப் போர்டில் எழுதியும் இருக்கிறது. அதை மறைத்துப் பழைய டயர்களை அடுக்கியிருப்பதால் படிக்க முடியாது. அவரிடம் ஒருமுறை பிரேக் வேலைக்கு வண்டி விட்டவர்கள் அந்தப் பெயரைத் தேடுவதுமில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு சார் இதுல கை வச்சது?" போன மாதம் நீங்கள்தான் வைத்தீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறாது. "அப்ப பையன் பண்ணியிருப்பான்." அந்தப் பையன் ஊருக்குப் போய்விட்டான். இப்போது இருப்பவன் வேறு பையன். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது இவனும் ஊருக்குப் போயிருப்பான்.

காலிபர் பின்னுக்கு கிரீஸ் தடவுவது முறைதான். அண்ணன் அதே கையோடு புது பேடையும் எடுத்து மாட்டுவார். கிரீஸ் பட்ட பேடு எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதெல்லாம் பிறகு உங்கள் பாடு. வேலை முடிந்ததும் தரையில் ஒரு கிளிப், ஒரு போல்ட் மிஞ்சும். "அது எக்ஸ்ட்ரா சார். கம்பெனிக்காரன் சும்மா போட்டு வைப்பான்." மிஞ்சியவை ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள் போகும். அந்த டப்பா முக்கால்வாசி நிறைந்திருப்பதைப் பார்க்கும்போதுதான், ஊரில் எத்தனை வண்டிகள் எது எது இல்லாமல் ஓடுகின்றனவோ என்று வயிற்றைக் கலக்கும்.

பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும் காட்சி தனி. பையன் டிரைவர் சீட்டில். அண்ணன் சக்கரத்துக்கடியில். "அமுக்கு... புடி... விடு." அண்ணன் நிப்பிளைத் திறக்கும்போது பையன் பெடலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பையனின் இடது கையில் போன். அதில் ஏதோ வடிவேலு காமெடி. வடிவேலு அடி வாங்கும்போதெல்லாம் இவன் கால் பெடலை விட்டுவிடும்.

ஊற்றுகிற பிரேக் ஆயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. போன தீபாவளிக்குத் திறந்த டப்பா, மூடி தொலைந்து, அலமாரியில் நிற்கிறது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ரகம். புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டிய டாட் 3 ஆயில், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கலாம். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறிக் கொதித்தால் குழாய்க்குள் குமிழி. பெடலை மிதித்தால் நனைந்த பஞ்சை மிதித்த மாதிரி கால் உள்ளே போகும்.

பிறகு ட்ரையல். அண்ணனே ஓட்டிக்கொண்டு டீக்கடை வரை போவார், டீ குடிப்பார், வருவார். "பிரேக் சூப்பர் சார்." போகிற வழியில் வண்டியை நிறுத்தியது வேகத்தடை. வருகிற வழியில் நிறுத்தியது ஹேண்ட் பிரேக்.

அவரை முழுப் பொய்யர் என்றும் சொல்லிவிட முடியாது; சிக்கலே அங்கேதான். கிரீச்சென்று சத்தம் வருகிறதே அண்ணே? "புது பேடு சார், ஓட ஓட செட்டாயிடும்." புது பேடு டிஸ்கோடு ஒட்டிப் பழகக் கொஞ்சம் ஓட்டத்தான் வேண்டும், உண்மை. பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறதே? "ரோடு அப்படி சார்." மழைநீர் வடிய ரோட்டை ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுகிறார்கள், அதுவும் உண்மை. ஒரு உண்மையை வைத்துக்கொண்டு ஒன்பது கோளாறுகளை மூடுவது அவருடைய கைத்தொழில். பெடல் அடிவரை போகிறதே என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். "ரெண்டு தடவை பம்ப் பண்ணி அழுத்துங்க, நின்னுடும்." மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு தடவை பம்ப் பண்ணி முடிப்பதற்குள் நாம் முன்னால் போகிற தண்ணீர் லாரியின் டிரைவருக்கு உறவுக்காரர் ஆகியிருப்போம்.

இதெல்லாம் தெரிந்தும் நாம் அவரிடமே போகிறோம். கம்பெனி சர்வீஸில் கேட்ட தொகையில் பாதிதான் வாங்குகிறார். அதிலும் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடி ஜெயிக்கிறோம். அந்த நூறு ரூபாய்தான் மூடி போட்ட புது ஆயில் டப்பா என்பது அவருக்குத் தெரியும். நமக்கும் அரைகுறையாகத் தெரியும். ஜெயித்த சந்தோஷத்தில் கேட்பதில்லை.

ஆனால் அண்ணனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சாவியை வாங்குவதற்கு முன், "அண்ணே, ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போறோம், சும்மா எங்ககூட வாங்களேன். முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது அவருக்கும் தெரியும். தலையைச் சொறிவார். பையனிடமிருந்து போனைப் பிடுங்குவார். "வண்டிய விட்டுட்டுப் போங்க சார், இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பார். விட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்குப் பார்க்கிற வேலை சுத்தமாக இருக்கும்.